திண்ணை வடிவு, கிணறு எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்:

"எனக்கு வயது 65, மனைவிக்கு 62. வங்கியிலிருந்து ஓய்வு பெற்று இங்கே நாலாம் மாடியில் இருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டார்கள். ஐயாவின் ஊர் பலாலி. 1990இல் விட்டது, வளவு இன்னும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ளே. ஆகவே எங்களுக்கென்று ஒரு ஊரைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. அமைதியான சின்ன நகரம், பழைய திண்ணை வீடு, கடற்காற்று, கோயில் மணி, நடந்துபோய் மீன் வாங்கச் சந்தை. இவ்வளவுதான் ஆசை. தை மாதம் இரண்டு கிழமை நின்று ஊர்காவற்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி மூன்றையும் பார்த்தோம். ஊர்காவற்துறையில் கரையோரமாக ஒரு பழைய கல்வீடு மனதைப் பிடித்துவிட்டது. தரகர் முற்பணம் கேட்கிறார். வீட்டைப் பிள்ளைகளின் பெயரில் எழுதலாமா என்றும் யோசிக்கிறோம். மனைவிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது. எனக்குச் சீனியும் பிரஷரும். எந்த ஊர் சரிவரும்? பிளாட்டில் இருக்கும் தளபாடங்களைக் கொண்டு வரலாமா என்பதையும் சொல்லுங்கள்."

நில அளவையாளரின் பதில்:

ஐயா, முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் இதை வாசித்து முடிக்கும்வரை கொடுக்காதீர்கள். "நாளைக்கு லண்டனிலயிருந்து ஒரு பார்ட்டி வருகுது" என்று தரகர் சொல்லியிருப்பார். வரட்டும். தீவுப்பகுதியில் கரையோரப் பழைய வீடுகள் வருடக்கணக்காக ஆள் பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. ஒரு கிழமையில் கைவிட்டுப் போகிற சாமான் அல்ல அது.

நீங்கள் வந்தது தை மாதத்தில். மாரி ஓய்ந்து, கிணறு மேலே வந்து, வேலிக் கதியாலெல்லாம் துளிர்த்து, வெயிலும் இளசாக இருக்கிற காலம். அந்த இரண்டு கிழமையில் குடாநாட்டில் எந்த ஊரும் வடிவாகத்தான் தெரியும். குடியிருக்கப் போகிறவர் பார்க்க வேண்டியது ஆடி ஆவணியிலும் கார்த்திகையிலும். ஆடியில் சோளகக் காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டும், கிணற்றின் அடிக்கல் தெரியும். கார்த்திகையில் எந்த ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது என்பது தெரியும். கார்த்திகையில் வர முடியாவிட்டால் அயல்வீட்டில் வயதான ஒருவரைப் பிடித்து, "2008இல நிஷா புயலுக்கு இந்த வளவுக்குள்ள எவ்வளவு தண்ணி நின்றது?" என்று மட்டும் கேளுங்கள். மதிலில் கையை வைத்தே காட்டுவார். அந்தக் கை நிற்கிற உயரத்தை எந்தத் தரகரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

காணி அளக்கப் போகிற இடத்தில் கருவியைப் பொருத்த முதல் நான் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். இது தொழிலுக்குத் தேவையில்லாத பழக்கம் என்று என்னுடன் வரும் பெடியன்கள் சிரிப்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு வளவின் விலை மதிப்பு வேறு, இருப்பு மதிப்பு வேறு. இரண்டாவதைச் சொல்வது கிணறு.

உங்களுக்குத் தெரியாததல்ல, இங்கே ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றைக் கணக்கில் எடுக்க முடியாது. நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தேங்கி நிற்கும் மழைநீரைத்தான். அந்த நன்னீர், அடியில் இருக்கும் உவர்நீரின்மேல் பாரம் குறைந்ததால் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் படித்தவர்களின் கணக்கு. அதை மறுபக்கமாகப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். பக்கத்து வளவுக்காரர் பெரிய மோட்டரைப் போட்டு விடிய விடிய இறைத்தால் உங்கள் கிணறு கயர்க்கத் தொடங்குவது இதனால்தான். பட்டையும் துலாவுமாக இருந்த காலத்தில் கை நோகும்போது இறைப்பு நின்றது. மோட்டருக்குக் கை நோகாது.

குடாநாட்டில் இப்படி நிலத்தடி நீர் தங்கும் பெரிய பரப்புகள் நாலு: வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்துறைத் தீவு. நீங்கள் பார்த்த மூன்று ஊர்களும் மூன்று வெவ்வேறு பரப்பில் இருப்பது தற்செயல், ஆனால் உதவியான தற்செயல். வலிகாமத்தை நீங்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. அங்கும் கண்ணை மூடிக்கொண்டு போகிற காலம் போய்விட்டது. செம்மண் தோட்டங்களில் கொட்டிய யூரியா நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை நாடறிந்தது.

ஆகவே எந்த ஊர் என்றாலும், ஆடியில் அல்லது ஆவணியில், கிணறு மிகவும் இறங்கிய நேரத்தில், கழுவிய போத்தலில் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். உப்பின் அளவு, நைத்திரேற்று, மலக்கிருமி மூன்றும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைக் கடந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயனில்லை. நீர் ஆவியாகிப் போக நைத்திரேற்று மிஞ்சி இன்னும் செறியும். கனடாவிலிருந்து பேரப்பிள்ளை கைக்குழந்தையாக வந்து அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால் ஆபத்து. கிருமிக்கென்றால் கொதிக்கவைத்தல் போதும். ஆனால் மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குள் இருந்தால் அந்த வீட்டை யோசித்தே வாங்குங்கள், குழி அயல்வளவில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். சுண்ணாம்புக்கல்லுக்குள் வெடிப்பும் குகையுமாக எத்தனையோ வழி இருக்கிறது. தண்ணீர் மதிலைப் பார்த்து நிற்பதில்லை.

மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய்நீர் வரவர இந்தக் கவலை குறையும். ஆனால் குழாய் உங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டதா, இணைப்பில் உண்மையாகத் தண்ணீர் வருகிறதா என்பதைப் பக்கத்து வீட்டுக் குசினியில் போய்த் திறந்து பார்த்துவிட்டு நம்புங்கள்.

இனி உங்கள் மனதைப் பிடித்த வீட்டுக்கு வருவோம்.

ஊர்காவற்துறையின் அழகை நான் மறுக்கமாட்டேன். ஒருகாலத்தில் யானை ஏற்றின துறைமுகம். கரையில் நின்றால் நடுக்கடலில் கடற்கோட்டை, அக்கரையில் காரைநகர், இடையில் ஆட்களையும் மோட்டர்சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அசைந்து வரும் 'பாதை' என்கிற மிதவை. பின்னேரத்தில் அந்த இறங்குதுறையில் நிற்கிற யாருக்கும் இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றுவதுண்டு. பிறகு பொழுதுபட்ட பின் பஸ் இல்லை என்பது ஞாபகம் வரும்.

அந்த வீட்டை அடுத்தமுறை பார்க்கும்போது திண்ணையையும் தூணையும் விட்டுவிட்டு, சுவரின் அடியில் இரண்டு அடி உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். பூச்சு கொப்பளித்து, விரலால் தட்ட வெள்ளைப் பொடி கொட்டினால், நிலத்து உப்பு கல்வழியே ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதன்மேல் சீமெந்துப் பூச்சுப் பூசிப் பெயின்ற் அடித்துத் தந்திருந்தால் இன்னும் மோசம். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, மூச்சு விடும். சீமெந்தால் மூடினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். மூன்று மாரி போகப் பூச்சுத் தட்டுத்தட்டாகக் கழன்று விழும். பிறகு கூரை. பனஞ்சிலாகை என்றால் நல்ல சாதி, வயிரமான பனை மனிதரைவிட அதிக காலம் இருக்கும். ஆனால் சிலாகை சுவரில் தங்கும் நுனியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஒழுக்கு விழுந்து இற்றுப்போன நுனிக்குள் கறையான் இருக்கும். பின்னாளில் யாரோ கொங்கிறீற்றில் சேர்த்துக் கட்டிய பகுதி இருந்தால் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி துருப்பிடித்து ஊதிக் கொங்கிறீற்றைப் பிளந்திருக்கிறதா? கடற்கரையில் இது கட்டாயம் நடக்கிற காரியம், எப்போது என்பதுதான் கேள்வி. திருத்தி எடுக்கலாம் என்று நினைத்தால், கடல் விளிம்பிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். புதிதாகக் கட்டவும் கூட்டிக் கட்டவும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சுவரும் கூரையும்தான். காசு இருந்தால் திருத்தலாம். காசால் திருத்த முடியாதது அந்த ஒழுங்கை. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதிச் சனம் பெருவாரியாக எழும்பிப் போனது. கொஞ்சப் பேர்தான் திரும்பினார்கள். நீங்கள் பார்த்த வீட்டுக்கு இருபக்கமும் எத்தனை வீட்டில் இரவு விளக்கு எரிகிறது? பகலில் போய் எண்ண முடியாது. இரவு எட்டு மணிக்குப் போய் ஒழுங்கை முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள். கூரைக்குள்ளால் ஆலமரம் எழும்பிய வீடுகளுக்கு நடுவில், சீனி இறங்கி நீங்கள் தலைசுற்றி விழுந்தால், முழங்கால் ஏலாத ஒரு பெண் எந்தப் படலையைத் தட்டுவார்? அங்கே வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் நெஞ்சுவலி என்றால் வேலணை கடந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் கொண்டு ஓட வேண்டும். தண்ணீரும் அந்தத் தீவில் திட்டுத் திட்டாகத்தான் நல்லது. சாட்டிப் பக்கம் நல்ல நீர் இருக்கிறது, கரையோர வளவுகளில் கோடை வந்தால் தண்ணீர்ப் பௌசரை எதிர்பார்த்து நிற்க நேரும்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர் இதே கடிதத்தை எழுதியிருந்தால், "வாங்குங்கள், பத்து வருடத்தில் அந்த ஒழுங்கையே உங்களால் உயிர்க்கும்" என்று எழுதியிருப்பேன். உங்களுக்கு அப்படி எழுத மாட்டேன். ஊர்காவற்துறை உங்களுக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாதையில் ஏறிக் காரைநகர் போய் வாருங்கள்.

சாவகச்சேரியைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே உங்கள் மனம் அங்கே இல்லை என்று தெரிகிறது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்த நகரம் தரைமட்டமானது. நீங்கள் தேடுகிற பழைய வீடு அங்கே அதிகம் மிஞ்சவில்லை, எல்லாம் பிறகு கட்டியவை. ஆனால் ஏ9 வீதியில் இருக்கிறது, கொழும்பு ரயில் நிற்கும், யாழ்ப்பாணம் 20 கிலோமீற்றருக்குள், மாம்பழமும் பலாப்பழமும் வந்து குவிகிற சந்தை. கொழும்புக்கு அடிக்கடி போய்வருகிற ஆள் என்றால் இதைத்தான் முதலில் சொல்லுவேன். கடல் வேண்டும் என்கிற ஆளுக்குச் சரிவராது. அங்கே இருப்பது நீரேரி.

எஞ்சியது பருத்தித்துறை. என் பதிலும் அதுதான், ஆனால் ஒரு திருத்தத்தோடு.

யாழ்ப்பாண மாவட்டத்தில் மாநகரசபை ஒன்று, நகரசபைகள் மூன்று, மற்றெல்லாம் பிரதேச சபை. அந்த மூன்று நகரசபைகள்: சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை. சின்ன நகரம் என்று நீங்கள் கேட்பதற்கு இதைவிடச் சரியான பட்டியல் கிடையாது. இவற்றில் பருத்தித்துறை ஒன்றுதான் நடந்தே எல்லாக் காரியமும் முடிகிற நகரம். பஸ் நிலையம், சந்தை, மருந்துக்கடை, வங்கி, கடல் எல்லாம் ஒன்றுக்கொன்று எட்டி நடக்கிற தூரத்தில். வெளிச்சவீடு, தெருவுக்கு மேலாலே கூரை போட்ட தெருமூடிமடம், 1838இல் தொடங்கிய ஹாட்லிக் கல்லூரி என்று பழமைக்கும் குறைவில்லை. படம் எடுக்க அல்ல, ஆட்கள் இன்னும் புழங்குகிற பழமை. பின்னேரத் தேநீருக்குத் தட்டைவடை வாங்க நீங்கள் கார் எடுக்கத் தேவையில்லை. பிரஷருக்கு அது நல்லதா என்பது என் துறை அல்ல.

திருத்தம் இதுதான்: கடலைப் பார்த்த வீடு வேண்டாம். 2004 மார்கழி 26 சுனாமி அந்தக் கரைக்கு என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைவிட, மார்கழி வாடைக்காற்றில் கடல் நேரே வீட்டுக்குள் வரும். பூட்டு, பிணைச்சல், பிறிட்ஜ் என்று இரும்பெல்லாம் இரண்டு வருடத்தில் துருப்பிடித்துவிடும். கரையிலிருந்து உள்ளே, மந்திகைக்குப் போகிற வழியில், புலோலிப் பக்கமாகப் பாருங்கள். கடலுக்கு ஓட்டோவில் ஐந்து பத்து நிமிடம். மறுபக்கம் மந்திகையில் ஆதார வைத்தியசாலை. கிளினிக் நாளில் காலை போய்ச் சீனி பார்த்து மருந்தெடுத்துப் பத்து மணிக்குள் வீடு வரலாம். பெரிய வருத்தம் என்றால் யாழ்ப்பாணம் 30 கிலோமீற்றருக்கு மேல், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மந்திகையில் முதலுதவி எடுத்து அம்புலன்ஸில் போகிற 30 கிலோமீற்றர் வேறு, தீவிலிருந்து ஓட்டோ தேடிப் போகிற தூரம் வேறு. 750ஆம் இலக்க பஸ்ஸும் நெல்லியடியால் ஓடிக்கொண்டே இருக்கும்.

வல்வெட்டித்துறையையும் ஒருமுறை பாருங்கள் என்று சொல்ல ஆசைதான். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டருக்கு அன்னபூரணிக் கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஊர், தைப்பொங்கலுக்கு வானம் தெரியாமல் பட்டம் ஏறும். ஆனால் ஊர் முழுக்க ஒருவருக்கொருவர் சொந்தம். வெளியிலிருந்து போய் அதற்குள் இடம்பிடிக்க உங்கள் வயதில் அவகாசம் போதாது.

சொந்தம் என்று வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீடு பார்க்கப் போகிற இடத்தில் "நீங்கள் எவடம்? ஆற்றை பக்கம்?" என்று கேட்பார்கள். பலாலி என்று சொன்னால் அதற்குள் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும். அது எதை அறியக் கேட்பது என்று உங்களுக்கும் தெரியும். சாதி பார்த்து, சமயம் பார்த்துக் காணி விற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விலை பேசி முடித்த பிறகு "மனுசி விருப்பமில்லை எண்டுறா" என்று பின்வாங்குவார்கள். வெட்கக்கேடு. ஆனால் நாற்பது வருடம் கொழும்பில் இருந்த ஒருவர் இதற்கு ஆயத்தமில்லாமல் வந்து மனம் நொந்து திரும்பக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அப்படிப்பட்ட அயலில் வீடு கிடைக்காமல் போவது நட்டமும் அல்ல.

உறுதி விஷயம் நொத்தாரிசின் வேலை. இருந்தாலும் நான் அளவைப் படம் கீறப் போகிற இடங்களில் திரும்பத் திரும்பக் காணும் சிக்கல்களைச் சொல்லவேண்டும். பழைய உறுதியின் கடைசி வரிகளை ஆறுதலாக வாசியுங்கள். "வீடும் பயன்தரு மரங்களும் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று எழுதியிருக்கும். அந்தப் "பங்கு" எவ்வளவு? மூன்றில் ஒன்றா, ஆறில் ஒன்றா? கிணறு உங்கள் மதிலுக்குள் நின்றாலும் மற்றப் பங்காளி வாளியோடு வருவதற்கு உரிமை இருக்கலாம், அல்லது கிணறு அவருடைய மதிலுக்குள் நின்று நீங்கள் வாளியோடு போகவேண்டி வரலாம். பரப்புக் கணக்கும் அப்படித்தான். 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் உறுதியில் இருக்கிற பரப்பு நிலத்தில் இருக்கிறதா என்பது அளந்தால்தான் தெரியும். கதியால் வேலி வருடத்துக்கு அரை முழம் நடக்கும் என்று எங்கள் தொழிலில் ஒரு பகிடி உண்டு.

காணி பல பேருக்குப் பங்கு என்றால், ஒரு பங்காளி விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கு, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் உங்களுக்கு எழுதினால், பிறகு ஒருவர் வழக்கு வைக்கலாம். விற்பவர் திருமணமான பெண் என்றால் கணவரின் சம்மதமும் உறுதியில் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்காக இங்கே ஒருவர் அற்றோணித் தத்துவத்தில், அதாவது உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தில், கையெழுத்து வைக்கிறார் என்றால், உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்று கட்டாயம் பாருங்கள். கொடுத்தவர் இறந்த அன்றே அந்தத் தத்துவம் செத்துவிடும். வட்ஸ்அப்பில் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள், இதில் கூச்சப்படாதீர்கள். வெறும் ஆட்சி உறுதியைக் காட்டினால் எழும்பி வந்துவிடுங்கள். பத்து வருடம் இருந்தேன் என்று ஒருவர் தானே எழுதிவைத்த கடதாசி அது, உண்மையான உரிமையாளர் நோர்வேயிலிருந்து ஒருநாள் வந்து இறங்குவார். காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்காவது தேடிப் பார்க்கும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். அந்த நொத்தாரிசு தரகர் கூட்டிவந்தவராக இருக்கக்கூடாது.

பிள்ளைகளின் பெயரில் எழுதலாமா என்ற கேள்விக்கு: இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் எழுதலாம். கனடாக் குடியுரிமை மட்டும் என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி காணி வாங்க முடியாது. உங்கள் இருவர் பெயரிலும் வாங்குங்கள். உங்களுக்குப் பின் உரித்தாகப் போவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை.

பலாலி வளவை மறந்துவிடாதீர்கள். கடிதத்தில் அதை முடிந்த கதைபோல எழுதியிருக்கிறீர்கள். வலிகாமம் வடக்கில் காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டுக்கொண்டுதான் வருகின்றன. தெல்லிப்பழையில் இருக்கும் பிரதேச செயலகத்தில் உங்கள் ஐயாவின் காணி பதிவாகியிருக்கிறதா என்று இந்தப் பயணத்திலேயே பாருங்கள். உறுதி தொலைந்திருந்தால் பதிவகத்தில் பிரதி எடுங்கள், ஐயாவின் மரணச் சான்றிதழையும் சகோதரங்களின் விபரத்தையும் ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள். விடுபடுகிற நாளில் எல்லைக்கல்லும் இராது, பனையும் இராது. பழைய அளவைப் படம் ஒன்றுதான் இடத்தைச் சொல்லும். இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது அம்மாவைப் பற்றி. உங்கள் கடிதத்தில் அவரது முழங்கால் இருக்கிறது, விருப்பம் ஒரு வரிகூட இல்லை. திண்ணையும் கோயில் மணியும் உங்களுடைய ஆசையா, இருவருடையதுமா? கேட்டுவிடுங்கள். பழைய வீட்டின் அழகெல்லாம் முழங்காலுக்கு விரோதம். திண்ணைக்கு ஏற மூன்று படி, ஒவ்வொரு வாசலிலும் நிலைப்படி, நடுவில் முற்றம் விட்ட நாற்சார் வீடென்றால் மாரியில் பாசிபிடித்து வழுக்குகிற முற்றம், மலசலகூடம் கொல்லைப்புறத்தில். வீடு பார்க்கப் போகும்போது படுக்கையறையிலிருந்து மலசலகூடம் வரை அவரையே நடக்கச் சொல்லுங்கள், விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை. அறையோடு ஒரு மலசலகூடம் கட்ட இடமிருக்கிறதா, சுவரில் கைப்பிடி பூட்டலாமா, படிக்குப் பதில் சாய்தளம் போடலாமா என்று மேசனிடம் கேட்டு, அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பழைய வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. புலோலியில் ஓட்டுக்கூரையும் விறாந்தையுமாக அடக்கமான வீடுகள் இருக்கின்றன. நாற்சார் மாளிகை இரண்டு பேருக்குக் கூட்டிப் பெருக்கவே ஒரு நாள் வேண்டும்.

கோயில் மணி பற்றி ஒரு சொல். மணி இனிமையானது. திருவிழா வந்தால் விடியப்புறம் நாலரைக்கு ஒலிபெருக்கி தொடங்கும், அது வேறு சங்கதி. கோயிலுக்கு அடுத்த வளவை வாங்க முன் திருவிழாவில் இரண்டு நாள் அந்த அயலில் தங்கிப் பாருங்கள்.

வெள்ளவத்தைப் பிளாட்டை இப்போது விற்காதீர்கள். வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அந்த வாடகையில் பருத்தித்துறையில் ஒரு வீட்டை ஒரு வருடத்துக்கு எடுங்கள். ஆனியில் வந்து இறங்கினால் முதலில் சோளகம், பிறகு மாரி, பிறகு தை என்று எல்லாம் பார்த்துவிடலாம். வாடகை வீட்டில் இருக்கிற ஆளுக்கு ஊர் விற்பனைக்கிருக்கும் வீடுகளைத் தானாகச் சொல்லும், தரகர் சொல்கிற விலையிலிருந்து நல்ல பங்கு குறைந்தே சொல்லும். அந்த வருடம் சந்தையில் மீன்காரி உங்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குகிறாளா, காய்ச்சல் என்றால் யாராவது கஞ்சி கொண்டு வருகிறார்களா என்பது தெரிந்துவிடும். இல்லை என்றால் மூட்டையைக் கட்டிச் சாவகச்சேரியில் இன்னொரு வருடம் பாருங்கள், அல்லது வெள்ளவத்தைக்கே திரும்புங்கள். விற்காத பிளாட் அங்கே இருக்கும். யாழ்ப்பாணம் வந்தே தீரவேண்டும் என்று சட்டமில்லை.

தளபாடங்கள்: தேக்கு, முதிரை என்றால் கொண்டுவாருங்கள், அந்த வேலைப்பாடு இன்று கொடுக்கும் விலைக்கு இங்கே கிடைக்காது. அழுத்திய பலகையில் செய்த அலுமாரிகளை அங்கேயே வாடகைக்காரருக்கு விட்டுவிடுங்கள், மாரி ஈரத்தில் ஊதிக் கதவு பூட்டாது. ஏசியைக் கழற்றிக்கொண்டு வருகிற செலவு வீண். தண்ணீர் வடிகட்டியைக் கொண்டுவரலாம், ஆனால் கிணற்று அறிக்கை கையில் வந்த பிறகு அதற்கு ஏற்றதா என்று பார்த்துவிட்டு. சாதாரண வடிகட்டி உப்பையும் நைத்திரேற்றையும் எடுக்காது. லொறிக்காரர் மேல்மாடியிலிருந்து இறக்கத் தனிக்கூலி கேட்பார், அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.